வேலியப்பனின் கிணறு

கோகுலனுக்குப் போர் வேண்டும். வாரத்துக்கு ஒன்று வேண்டும். ஒன்பது வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி ரொறன்ரோ போனவன், முப்பது வயதில் அங்கே ஒரு சூடான அறையில் குந்திக்கொண்டு, "நடத்துநரே, எப்ப சண்டை?" என்று எனக்கு எழுதுவான். நானோ சண்டை முடிந்து மூன்று வருடமாகியும் முகாமில் தந்த தகரத்துக்குக் கீழேதான் படுக்கிறேன். எனக்குச் சண்டை வேண்டாமப்பா. பின்னேரம் ஐந்து மணிவரைக்கும் கரண்ட் நின்றால் போதும்.

என் பெயர் நிருஷா. இலுப்பைக்கடவைக்கும் விடத்தல்தீவுக்கும் நடுவில், பெருந்தெருவிலிருந்து கடல்பக்கம் இறங்கினால் எங்கள் ஊர் வரும். வாசிகசாலையோடு ஒட்டின கணினி அறைக்கு நான் பொறுப்பாளர். ஐந்து கணினிகளில் இரண்டு வேலை செய்யும். வாசலில் நன்கொடை தந்தவர்களின் பெயர்ப்பலகை நிற்கிறது. அறையைவிடப் பலகை அகலம். மழைக்கு அதன் கீழே ஒதுங்கலாம், அறைக்குள் ஒழுகும். பின்னேரங்களில் படிக்க வருகிற பிள்ளைகள் போன பிறகு, அந்த இரண்டில் ஒன்றில் இருந்து நான் ஒரு விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு இப்படித்தான். வெளிநாட்டில் யாரோ ஒருவர் வைத்திருக்கும் தமிழ்க் கருத்துக்களம் ஒன்றில் எனக்கு ஒரு மூலை தந்திருந்தார்கள். அங்கே நான் ஒரு கற்பனை ஊரை உண்டாக்கி, "இன்று இது நடக்கிறது" என்று ஒரு பதிவு போடுவேன். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். தன் பாத்திரம் அடுத்து என்ன செய்கிறது என்று அவர்கள் கீழே எழுதவேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பொத்தானை அமத்தினால் ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஓர் எண் விழும். பதினைந்துக்கு மேல் விழுந்தால், தேடினவருக்கு அங்கே இருப்பதை நான் காட்டியே ஆகவேண்டும். மற்றதெல்லாம் என் கையில். முதலாம் விதியை நானே தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்: நடத்துநர் சொன்னதே நடந்தது. மேன்முறையீடு கிடையாது.

வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பதில்கூட என் சொல் எடுபடாது. அந்த விதியை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள்!

பாரிசிலிருந்து பெற்றிசியா மருத்துவச்சியாக ஆடினாள். கிழமைக்கு ஒருக்கால் வந்து, "மன்னிக்கோணும், வேலை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். நோயாளி அப்படியே கிடப்பான். கோகுலன் படைத்தலைவன். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நான் மாய்ந்து மாய்ந்து நாற்பது வரி எழுதியிருப்பேன். அந்த நாற்பதையும் ஒரு எழுத்து விடாமல் மேற்கோளாகத் தூக்கித் தன் பதிவில் போட்டு, அதற்குக் கீழே "வாளை உருவுகிறேன்" என்று இரண்டு சொல் எழுதுவான். ஒவ்வொரு தடவையும் என் கதையை நானே திரும்ப உருட்டி உருட்டிக் கீழே போகவேண்டும். "வேண்டிய வரியை மட்டும் எடுங்கோ அண்ணா" என்று எழுதினேன். அதையும் முழுசாக மேற்கோள் காட்டி, "சரி" என்று எழுதினான். என்ன செய்ய?

என் கற்பனை ஊருக்கு உப்புவயல் என்று பெயர். கற்பனை என்று சும்மா சொல்லிக்கொண்டேன். ஒரு ஊரை முழுசாக உண்டாக்குவது லேசான வேலையில்லை. சந்தி எங்கே, குளம் எங்கே என்று ஆட்டக்காரர் குடைந்து குடைந்து கேட்பார்கள். அதனால் எங்கள் ஊரையே எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஊர்த்தலைவனுக்கு எங்கள் அப்பாவைப் போட்டேன்.

அப்பா பெயர் ஏரம்பு. கதையில் வேலியப்பன். "வேலியப்பன் பகலில் நெல் விதைப்பார், பக்கத்துக் காணியில் ஆள் இல்லாத நாட்களில் வேலி விதைப்பார். அவருடைய வேலிக்கு நடக்கத் தெரியும். வயிறு முன்னே போக, வேலி பின்னே போகும்" என்று எழுதினேன். சிரிப்புப் படங்கள் வந்து குவிந்தன. என் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

வேலி நடந்து போய் வளைத்தது ஒரு கிணற்றை. எங்கள் ஊரில் எட்டுக் கிணறு. ஏழில் வாய் கொப்பளித்தாலும் உப்பு. எட்டாவதில் மட்டும் நல்ல தண்ணீர். தொண்ணூறாம் ஆண்டு வரைக்கும் அது ஒரு முஸ்லிம் வியாபாரியின் வளவுக்குள் இருந்தது. அந்த வருடம் முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னார்கள். யார் சொன்னது என்று இப்போதும் ஊரில் ஒருவரும் சத்தமாகச் சொல்வதில்லை. அவர்கள் கையில் அகப்பட்டதோடு வள்ளம் ஏறினார்கள். அடுத்த வருடம் எங்கள் வேலி கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. பிறகு எங்களையும் துரத்தினார்கள், முகாம் கண்டோம், இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்தோம். வந்த முதல் கிழமையே, நிவாரணத்தில் தந்த முள்ளுக்கம்பியால் அப்பா அதே இடத்தில் வேலி போட்டார். வீட்டுக்குக் கூரை அதற்குப் பிறகுதான்.

கிணற்றுக்கட்டுக்கு ஏற மூன்று படி. மூன்றாம் படியின் சீமெந்தில் ஒரு சின்னக் கையின் பதிவு கிடந்தது. ஆறு விரல். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஆறு விரல் பேய் என்று ஒருவரையொருவர் பயப்படுத்துவோம். அந்தப் படியை மிதிக்காமல் தாண்டிப் போவோம். கோகுலனுக்குச் சண்டை பிடிக்க ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று, உப்புவயலிலும் அந்தப் பேயைக் குடியிருத்தினேன்.

ஆனி மாதத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். களத்தில் அவர் பெயர் கடலோடி. பாத்திரம், ஊர் திரும்பும் வியாபாரி. சண்டை கேட்கவில்லை, புதையல் கேட்கவில்லை. "கிணற்றடியில் என்ன மரம்?" என்று கேட்டார். பூவரசு என்றேன். "கொப்பு எந்தப் பக்கம் போகிறது?" பகடையில் பதினாறு விழுந்தது. மேற்கே போகிறது, ஊஞ்சல் கட்டின தழும்பு இன்னும் இருக்கிறது என்று எழுதினேன். இரண்டு நாள் ஆளைக் காணவில்லை. மூன்றாம் நாள் வந்து, "படிகளைத் தேடுகிறேன்" என்றார். பத்தொன்பது.

விதி விதிதானே. பழைய வேலியப்பன் வரிகளோடு, பூவரசு, ஊஞ்சல், மூன்றாம் படி, சீமெந்து, சின்னக் கை, ஆறு விரல் என்று எல்லாவற்றையும் ஒரே பதிவில் விரிவாக எழுதிப் போட்டேன். கோகுலன் உடனே ஓடி வந்து, முழுசையும் மேற்கோள் காட்டி, "பேயை வெட்டுகிறேன்" என்றான். பகடையில் அவனுக்கு மூன்று விழுந்தது. நல்லாய் வேண்டும்.

அடுத்த நாள் கடலோடியிடமிருந்து தனிமடல் வந்தது.

"தங்கச்சியோ தம்பியோ தெரியாது. என்ட பேர் நௌஷாட். புத்தளத்தில இருந்து எழுதுறன். அந்த ஊஞ்சல் கட்டினது எங்கட வாப்பா. நீங்கள் எழுதுறது எங்கட வளவு. வாற பதினாலாம் திகதி ஊரில காணி விசாரணை. உம்மாவோட வாறன். காணி உறுதி வள்ளத்தில போகேக்க கடலுக்குள்ள போயிட்டுது. வாப்பாவும் இல்லை. அந்தக் கிணறு எங்கட எண்டு சொல்ல ஊரில ஒரு வாய் கிடைக்கேல்லை. நீங்கள் அந்த ஊர் ஆள் எண்டு மட்டும் தெரியும். வந்து ஒரு சொல்லுச் சொல்லுவியளோ?"

வேலியப்பனின் மகளுக்குத்தான் எழுதுகிறேன் என்று அந்த மனுசனுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனால், அப்பா கிணற்றடியில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். வீட்டுத்திட்டத்துக்குத் தந்த சீமெந்து. எங்கள் வீட்டில் சமைக்கிற குசினிக்கு இன்னும் நிலம் போட்டு முடியவில்லை.

"என்னப்பா செய்யிறியள்?"

"படியில பாசி பிடிச்சுக் கிடக்கு. கொம்மா வழுக்கி விழுந்திடுவா."

ஆடி மாதம். நாலு மாதமாக ஒரு துளி மழை இல்லை. கோழி மிதித்தாலும் தூசு கிளம்பும். பாசியாம்! விசாரணைக் கடிதம் அப்பாவுக்கும் வந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

அம்மா வசந்தமலர் குசினி வாசலில் நின்று பார்த்தாள். "நான் எங்க விழுந்தனான்?" என்று வாயைத் திறக்கப் போனவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா மூன்று படியையும் வழுவழுப்பாகப் பூசி முடித்து, ஒருவரும் கால் வைக்காமல் ஒரு தடியைக் குறுக்கே வைத்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அப்பாவைக் கூப்பிட்டு, "வெட்கமில்லையோ?" என்று கேட்டிருக்கவேண்டும். ஊரில் எல்லோரையும் நக்கலடிக்கத் தெரிந்த வாய்தானே இது. அடுத்த நாள் கணினி அறையைத் திறந்தேன். என் பழைய பதிவுக்குப் போனேன். பூவரசை எடுத்தேன், ஊஞ்சலை எடுத்தேன். மூன்றாம் படியில் கை இருந்த இடத்தில், "ஒன்றுமில்லை. பாசி" என்று எழுதினேன். சொந்தமாகப் பொய்யொன்று உண்டாக்கக்கூட வக்கில்லாமல் அப்பாவின் பாசியையே எடுத்துப் போட்டேன். நௌஷாட்டின் தனிமடலுக்குப் பதில் எழுதவில்லை.

நல்ல தண்ணீர்க் கிணறு போனால் அம்மாவும் நானும் அரை மைல் குடம் தூக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நௌஷாட்டின் உம்மா, சித்தி மரியம் என்கிற அந்த மனுசி, இருபத்திரண்டு வருடம் என்ன தூக்கினாள் என்று கேட்கவில்லை.

கோகுலன்தான் கண்டுபிடித்தான். "பேயின்ட கை எங்க? நான் அதோட சண்டை பிடிக்க இருந்தனான்!"

"முதலாம் விதி" என்று எழுதினேன். வாயை மூடினான்.

பதினாலாம் திகதி காலமை பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. காணி உத்தியோகத்தர் ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தார். பக்கத்தில் கிராம சேவகர். ஊர்ச்சனம் வாங்குப் பலகைகளில் நிறைந்திருந்தது. சித்தி மரியத்துக்கு அறுபது வயது இருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதிரை நுனியில் இருந்தாள். மகன் நௌஷாட் மெலிந்த ஆள். வலக்கையில் ஒரு கோப்பு, இடக்கை காற்சட்டைப் பைக்குள்.

அப்பா எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கட அப்பு வெட்டின கிணறு, ஐயா. இவையள் தண்ணி அள்ளினவை. நாங்கள் விட்டனாங்கள். நல்ல சனம்."

"ஏரம்பண்ணை, அல்லாவுக்குப் பயந்து கதையுங்கோ" என்றாள் சித்தி மரியம். "தண்ணி அள்ள விட்டது நாங்களெல்லோ?"

உத்தியோகத்தர் வாங்கைப் பார்த்து, "ஆருக்கும் தெரியுமோ?" என்றார். அத்தனை பேரும் அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தவர்கள். அந்த மனுசியின் கையால் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் முகட்டைப் பார்த்தார், ஒருவர் இருமினார். "தெரியாது ஐயா" என்று ஒரு குரல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் தெரியாதவர்கள் ஆனார்கள். நான் சீலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். மற்றவர்களைவிட நான் என்ன திறம்?

நௌஷாட் கோப்பைத் திறந்தான். "ஐயா, காலமை போய்ப் பார்த்தம். படியெல்லாம் புதுச் சீமெந்து. ஆனா போன மாசம் வரைக்கும் அதில என்ன இருந்தது எண்டு இந்த ஊர் ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார். இன்டர்நெட்டில வந்த ஒரு விளையாட்டு."

"விளையாட்டோ?" உத்தியோகத்தர் தாளை வாங்கினார். அந்த நாளில் அவருக்குக் கிடைத்த முதல் சுவாரசியம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். குரலை உயர்த்தி வாசிக்கத் தொடங்கினார். "வேலியப்பன் பகலில் நெல் விதைப்பார், பக்கத்துக் காணியில் ஆள் இல்லாத நாட்களில் வேலி விதைப்பார்…"

மண்டபம் சிரித்தது. எல்லோரிலும் பலமாகச் சிரித்தவர் எங்கள் அப்பா. "ஆரடா இந்த வேலியப்பன்? சரியான கள்ளனா இருப்பான் போல!" என்று தொடையில் தட்டினார். உத்தியோகத்தர் வயிறு முன்னே போகிற வரிக்கு வந்தார். சனம் மெல்ல மெல்லச் சிரிப்பை நிறுத்தி, அப்பாவின் வயிற்றைப் பார்த்தது. அப்பாவும் குனிந்து பார்த்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

உத்தியோகத்தர் மூன்றாம் படிக்கு வந்தார். சின்னக் கை, ஆறு விரல். நான்தான் அழித்துவிட்டேனே! எட்டிப் பார்த்தேன். தாளின் அடியில், என் நாற்பது வரிக்கும் கீழே, தனியாக இரண்டு சொல் கிடந்தது: பேயை வெட்டுகிறேன்.

கோகுலன்! அறுவான், அறுவான்! என் பதிவில் நான் அழித்ததெல்லாம் அவனுடைய மேற்கோளில் அப்படியே இருந்திருக்கிறது. எத்தனை தரம் அவனிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டிருப்பேன்.

"இன்னொரு தாளும் கிடக்கு, ஐயா" என்றான் நௌஷாட். "அதே பதிவு, பிறகு திருத்தினது. கை இல்லை. பாசி எண்டு கிடக்கு."

"அப்ப எது உண்மை?" உத்தியோகத்தர் இரண்டு தாளையும் மேசையில் போட்டார். "தம்பி, கதை எண்டால் கதைதான். ஒருநாள் கை எண்டும் எழுதுவினம், ஒருநாள் பாசி எண்டும் எழுதுவினம். இதை வைச்சு நான் ஒருத்தற்றை படியை உடைக்கச் சொல்லேலாது."

"உடைக்க வேண்டாம், ஐயா. அந்த விளையாட்டில ஒரு விதி கிடக்கு. நடத்துநர் சொன்னதே நடந்தது. நடத்துநர் இந்த மண்டபத்தில இருந்தால் எழும்பி ஒருக்காச் சொல்லட்டும். பாசி எண்டு சொன்னால் நாங்கள் பஸ் ஏறுறம்."

அவன் ஒருவரையும் பார்க்கவில்லை. சித்தி மரியம் மட்டும் வாங்கு வாங்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்துக்கு வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன். துணிச்சல் என்று நினைக்கவேண்டாம். அந்தப் பார்வை என் மேல் விழுந்தால் தாங்கமாட்டேன் என்ற பயம்.

"நான்தான் எழுதினனான்" என்றேன்.

"பிள்ளை, இரு" என்றார் அப்பா. அதட்டவில்லை. கெஞ்சினார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஆறு விரல், ஐயா. மூன்றாம் படி. இடக்கை. இந்த மாசம்தான் மேல சீமெந்து பூசினது. கொத்தினால் தெரியும். பாசி எண்டு நான் எழுதினது பொய்."

நௌஷாட் காற்சட்டைப் பையிலிருந்து இடக்கையை எடுத்து, மேசையில் விரித்து வைத்தான். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன விரல்.

"இதை முதலே காட்டியிருக்கலாமே தம்பி?" என்றார் உத்தியோகத்தர்.

"காட்டியிருக்கலாம். ஊரில ஒரு ஆள் சொல்லிக் கேக்கோணும் எண்டு இருந்தனான், ஐயா."

சித்தி மரியம் அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். "அண்டைக்கே சொன்னனான், காயாத சீமெந்தில கை வைக்காதே எண்டு! கேட்டியா? புதுசாப் பூசின படியைப் பழுதாக்கிப் போட்டு! வாப்பாட்ட அடி வாங்கினது காணாதெண்டு, இப்ப ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு நிக்கிறாய்!" ஏசிக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. ஆறு விரல் பேய். நாங்கள் மிதிக்காமல் தாண்டிப் போனது, நான் வாளால் வெட்டக் கொடுத்தது, தகப்பனிடம் அடி வாங்கின ஒரு சின்னப் பிள்ளையின் கையை.

பின்னேரமே படியைக் கொத்தினார்கள். நான் சொன்ன இடத்தில் கை இருந்தது. கோப்பு இன்னும் முடியவில்லை. ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வேலி மட்டும் அடுத்த நாள் பட்டப்பகலில் திரும்ப நடந்தது. அப்பாவே வேலிக் கதியால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கிணற்றுக்கு இந்தப் பக்கம் நட்டார். சித்தி மரியம் முதல் வாளியை அள்ளி வேலிக்கு மேலால் அம்மாவிடம் நீட்டினாள். "நாங்கள் அப்பவும் விட்டனாங்கள்தானே" என்றாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அப்பா என்னோடு பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், சோறு போடும்போது, தட்டைப் பார்த்தபடி, "எழுதினதுதான் எழுதினாய், வயித்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கலாம்" என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் விருந்தாளி யாரும் வந்தால், "இவ எங்கட நடத்துநர்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்.

கணினி அறைக்குப் போய் அந்தப் பதிவைப் பழையபடி ஆக்கினேன். என்னிடம் மூலப்பிரதி இல்லை. கோகுலனின் மேற்கோளிலிருந்து வரி வரியாக எடுத்து ஒட்டினேன். பேய் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு பிள்ளையின் கை என்று போட்டேன். ஐந்து நிமிடத்தில் கோகுலன் வந்து முழுசையும் மேற்கோள் காட்டினான். "அப்ப பேய் இல்லையோ? நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

கடலோடி அவனுக்குக் கீழே எழுதியிருந்தார்: "கிணற்றடியில் வாளி வைக்கிறேன். பகடை வேண்டாம்."

திருத்தின பதிவுக்கு அடியில் களம் தானாகவே ஒரு வரி போடும். அதை மறைக்க நடத்துநருக்கு ஒரு பெட்டி இருக்கிறது. சுட்டியால் ஒருக்கால் அமத்தினால் போதும். அந்தப் பெட்டியை அமத்தாமலே கணினியை நிறுத்திவிட்டு வந்தேன். போய்ப் பார்த்தால் இப்போதும் இருக்கும்: இப்பதிவு இரண்டு தடவை திருத்தப்பட்டது.